வண்ணச் சட்டைக்காரர்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போகிறவர்கள் அவர்களைப் பார்த்திருப்பீர்கள். பத்துப் பதினைந்து பேர், ஒருவர் பின்னால் ஒருவராக, முதுகை வளைத்துக்கொண்டு, விர்ரென்று சைக்கிளில் கடந்து போவார்கள். சென்னையிலிருந்து இருட்டோடு புறப்பட்டு, சுமார் 150 கிலோமீட்டர் மிதித்து, நம் ஊரில் வந்து இட்லி சாப்பிடுகிறவர்களும் அதில் உண்டு. தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, உடம்பைக் கவ்விப் பிடித்த வண்ணச் சட்டை. அந்தச் சட்டையில் நெஞ்சு, முதுகு, தோள், விலா என்று ஓர் அங்குலம் விடாமல் கம்பெனிப் பெயர்கள். ஒருவர் மேல் ஸ்பெயின் நாட்டு டெலிபோன் கம்பெனி. இன்னொருவர் மேல் பெல்ஜியத்தில் வீட்டுத் தரைக்குப் பலகை செய்கிற கம்பெனி. உள்ளே இருப்பவரோ தாம்பரத்துப் பல் டாக்டர்.

இவர்களைப் பார்த்துச் சிரிப்பது நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. மாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நாங்கள் நாலைந்து கிழவர்கள் உட்காருவது வழக்கம். அங்கே இந்தப் பேச்சு வராத வாரம் இல்லை. “அந்தக் கம்பெனிக்காரன் இவனுக்குச் சம்பளமா குடுக்குறான்? இவனே காசு குடுத்து வாங்கி, இவனே அவனுக்கு விளம்பரப் பலகையா சுத்துறான்” என்பார் ஒருவர். “ரேஸ் ஓட்டுறவன் சட்டையைப் போட்டா ரேஸ்காரன் ஆயிடுவானா? புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதைதான்” என்பார் இன்னொருவர்.

என் கட்சி வேறு. போடட்டும், தாராளமாகப் போடட்டும் என்பதுதான் என் கருத்து. இரண்டு சட்டைகளை மட்டும் தொடாமல் இருந்தால் போதும். அவை எவை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். முதல் காரணம், நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். பிரான்சிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு இருந்தார். அவருக்குக் கப்பல் தபாலில் ‘லெக்கிப்’ என்ற விளையாட்டுப் பத்திரிகை கட்டுக் கட்டாக வரும். ஜூலை மாதம் முழுவதும் நடக்கும் பிரான்ஸ் சுற்றுச் சைக்கிள் பந்தயம் எங்கள் வகுப்புக்குச் செப்டம்பரில்தான் முடியும். பாடம் முடிந்து ஐந்து நிமிடம் மிச்சமிருந்தால் பத்திரிகையைப் பிரித்துப் படிப்பார். பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டைக்கு பிரெஞ்சில் ‘மாயோ ஜோன்’ என்று பெயர். மாயோ என்றால் பனியன் போன்ற சட்டை, ஜோன் என்றால் மஞ்சள். எங்கள் காதில் அது ‘மாயோன்’ என்றே விழுந்தது. மாயோன் உடுத்துவதும் பீதாம்பரம்தானே, மஞ்சள் பட்டு! அதனால் எங்களுக்கு அது விளங்கிக்கொள்ளக் கஷ்டமாகவே இல்லை. பெருமாள் கோயில் தெருப் பையன் ஒருவன் இதை ஆசிரியரிடம் விளக்கிச் சொல்லப் போக, அவர் அரை மணி நேரம் விஷ்ணுவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். கணக்குப் பாடம் தப்பியது.

இரண்டாவது காரணம், என் எதிர்வீட்டுக்காரர். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் அந்த மஞ்சள் சட்டை பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கதை தெரிந்தால் சிரிக்கத் தோன்றாது.

1903இல் ‘லோத்தோ’ என்ற பாரீஸ் பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காக ஆரம்பித்த பந்தயம் அது. ஆசிரியர் ஆன்றி தெகிரான்ஜ். பத்திரிகை அச்சானது மஞ்சள் தாளில். முதல் உலகப் போரில் பந்தயம் நின்றுபோய், 1919இல் மறுபடி தொடங்கியது. போரால் சைக்கிள் கம்பெனிகள் எல்லாம் நொடித்துப்போயிருந்தன. ஆளுக்கு ஓர் அணி நடத்த வழியில்லாமல் எல்லாருமாகச் சேர்ந்து ஒரே பெயரில் வீரர்களை அனுப்பினார்கள். எல்லாருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை. ரோட்டோரம் நிற்கிற சனங்களுக்கு யார் முதலில் இருக்கிறார், யார் கடைசியில் வருகிறார் என்று ஒன்றும் தெரியவில்லை. அதற்காகப் பாதிப் பந்தயத்தில் கண்டுபிடித்த ஏற்பாடுதான், முன்னணியில் இருப்பவருக்குப் பத்திரிகைத் தாளின் நிறத்திலேயே ஒரு சட்டை. 1919 ஜூலை 19ஆம் தேதி கிரெனோபிள் நகரத்தில் முதல் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டவர் எஜேன் கிறிஸ்தோஃப். அப்போது அவருக்கு வயது 34.

போட்டுக்கொண்டு கிளம்பியதும் என்ன நடந்தது தெரியுமா? வழியெல்லாம் கேலி. கூண்டில் வளர்ப்பார்களே, மஞ்சள் கானரிக் குருவி, அதைச் சொல்லிச் சொல்லிக் கூவினார்கள். சக வீரர்களும் விடவில்லை. இன்றைக்கு உலகத்திலேயே பெரிய மரியாதை என்று சொல்லப்படுகிற சட்டையை முதல் முதலாகப் போட்டவர் கேட்டது கைதட்டல் இல்லை, ‘குருவி, குருவி’ என்ற சத்தம்.

இந்த கிறிஸ்தோஃப் எப்படிப்பட்ட மனுஷன் என்பதையும் சொல்ல வேண்டும். 1913இல் பைரனீஸ் மலையில், தூர்மலே என்ற கணவாயைத் தாண்டும்போது அவருடைய சைக்கிளின் முன் ஃபோர்க் முறிந்துபோனது. பிறர் உதவி வாங்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் மலையிலிருந்து அழுதுகொண்டே இறங்கினார். அடிவாரத்துக் கிராமத்தில் ஒரு கொல்லுப் பட்டறை. அங்கே தன் கையாலேயே இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஃபோர்க்கைச் சரிசெய்தார். பந்தய அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் துருத்தியை மட்டும் பட்டறைப் பையன் ஒருவன் ஊதிக் கொடுத்தான். அந்த உதவிக்காக அவருக்குத் தண்டனை நேரம் போட்டார்கள்! நானும் முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன். விதி என்றால் விதிதான். இருந்தாலும் அந்தத் துருத்திக் குறிப்பை எழுதிய அதிகாரிக்கு இணையான ஒருவரை எங்கள் செக்‌ஷனில்கூட நான் பார்த்ததில்லை.

1919இலும் அதே கதை. மஞ்சள் சட்டையோடு, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில், கடைசிக்கு முந்தின கட்டத்தில், வடக்கு பிரான்சின் கல் பாவிய சாலையில் மறுபடி ஃபோர்க் முறிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. பந்தயம் வேறொருவருக்குப் போனது. பத்திரிகை வாசகர்கள் மனம் பொறுக்காமல் அவருக்காகத் திரட்டிக் கொடுத்த பணம் முதல் பரிசை விடப் பெரிதாக இருந்தது. ஆனால் கிறிஸ்தோஃப் அந்தப் பந்தயத்தை ஆயுளில் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை.

சரி, எதிர்வீட்டுக்காரர். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டார், மெதுவாக ஓட்டலாம் என்றார்கள். ஆரம்பித்தார். இவருடைய மகன் பாரீஸ் பக்கத்தில் இருக்கிறான். நம் ஊரில் பாதி வீடுகளில் அப்படி ஒரு பிள்ளை உண்டே. அப்பா சைக்கிள் ஓட்டுகிறார் என்ற சந்தோஷத்தில் அங்கிருந்து ஒரு பந்தய அணிச் சட்டை வாங்கி அனுப்பினான். நல்ல சிவப்பு. நெஞ்சில் ‘கோஃபிதிஸ்’ என்று பெரிய எழுத்து. அது பிரான்சில் தனிநபர் கடன் கொடுக்கிற கம்பெனி. வாழ்நாளில் ஒரு கைமாற்று வாங்காத மனிதர், கூட்டுறவுச் சங்கத்தில்கூடக் கடன் எடுக்காதவர், கடன் கம்பெனிப் பெயரை மார்பில் தாங்கிக்கொண்டு கோட்டக்குப்பம் வரை போய் வர ஆரம்பித்தார்.

தெருமுனையில் பையன்கள் “சர்க்கஸ் வருதுடா” என்றார்கள். அது பையன்கள். பெரியவர்களும் சும்மா இல்லை. கல்யாண வீடொன்றில் அவருடைய சம்பந்தியே எல்லார் முன்னாலும் “மாமா இப்ப டூர் தெ பிரான்ஸ் போறாரு” என்று சொல்லிச் சிரிக்க, பந்தியே சிரித்தது. அவர் மனைவி வீட்டுக்கு வந்ததும், “ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போனா சைக்கிள் ஓடாதா?” என்று கேட்டிருக்கிறார். மறுநாள் சட்டை பீரோவுக்குள் போனது. அதோடு சைக்கிளும் நின்றுவிட்டது. பதினைந்து நாளாகத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஸ்டென்ட் வைத்த மனிதர். இதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்போது ‘இலவச விளம்பரம்’ என்ற கேள்விக்கு வருவோம். சைக்கிள் பந்தயத்தின் பிழைப்பே விசித்திரமானது. கிரிக்கெட்டுக்கு மைதானம் உண்டு, கேட் உண்டு, டிக்கெட் உண்டு. சைக்கிள் பந்தயம் பொதுச் சாலையில் போகிறது. வீட்டு வாசலில் நாற்காலி போட்டுப் பார்க்கலாம், ஒரு சல்லிக் காசு கொடுக்க வேண்டாம். அப்படியானால் வீரர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? சட்டையிலிருந்துதான் வரும். சட்டையில் எழுதியிருப்பதுதான் அணியின் பெயரே. சென்னை, மும்பை என்று ஊர்ப் பெயர் கிடையாது. முதலில் சைக்கிள் கம்பெனிகள் எழுதின. 1954இல் ஃபியொரென்சோ மாக்னி என்ற இத்தாலிய வீரர் நிவியா முகக் கிரீம் பெயரைப் போட்டுக்கொண்டு வந்தார். அவ்வளவு முரட்டு மனிதர் முகக் கிரீம் சட்டையில் வந்தது அன்றைக்குப் பெரிய சிரிப்பு. ஆனால் சைக்கிள் கம்பெனிகள் பணமில்லாமல் தவித்த காலத்தில் அந்தக் கிரீம்தான் பல பேர் அடுப்பை எரிய வைத்தது. அவர் திறந்த கதவு வழியாகத்தான் சாசேஜ் கம்பெனி, காபி மெஷின் கம்பெனி, வங்கி, லாட்டரி எல்லாம் உள்ளே வந்தன.

இதற்கு நடுவில் ஒரு சங்கதி நம் ஊர்க்காரர்களுக்குச் சுவையாக இருக்கும். தெகிரான்ஜுக்குக் கம்பெனி அணிகள் என்றாலே ஆகாது. 1930இல் அவற்றை எடுத்துவிட்டு, பிரான்ஸ், இத்தாலி, பெல்ஜியம் என்று நாட்டு அணிகளாக மாற்றிவிட்டார். முப்பது வருடம் அப்படி ஓடியது. 1962இல் மறுபடி கம்பெனி அணிகள் வந்தன. வீரர்கள் நாட்டுச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கம்பெனிச் சட்டையை மாட்டினார்கள். அந்த வருடம் ஜெயித்த ஜாக் ஆங்க்தீல் அணிந்தது சேன் ரஃபாயேல் என்ற மதுபானக் கம்பெனியின் சட்டை. அதே 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் நாமும் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தோம். நானும் என் தெருவும் அப்படியேதான் இருந்தோம், மேலே எழுதியிருந்த பெயர்தான் மாறியது. நம் போலீஸ்காரர் தலையில் மட்டும் அந்தச் சிவப்புக் கெப்பி இன்றைக்கும் இருக்கிறது. அதைப் பார்த்து “பிரெஞ்சுக்காரனுக்கு இலவச விளம்பரம்” என்று யாராவது சொல்கிறோமா? நம்முடையது என்கிறோம்.

சட்டை விஷயத்திலும் அதுதான் நடக்கிறது. மோல்தேனி என்று இத்தாலியில் ஒரு சாசேஜ் கம்பெனி இருந்தது. எழுபதுகளில் எடி மெர்க்ஸ் என்ற பெல்ஜிய வீரர் அந்தச் சட்டையில்தான் ஓட்டினார், ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறம். சைக்கிள் பந்தய உலகத்தில் அவருக்கு மேல் ஆள் கிடையாது என்பார்கள். அந்த அணி 1976இல் கலைந்தது. சட்டையை மட்டும் இன்றும் அதே மாதிரி தைத்து விற்கிறார்கள், வாங்குகிறார்கள். வாங்குகிறவர் யாரும் அந்த சாசேஜைத் தேடிப் போவதில்லை. அது மெர்க்ஸ் சட்டை, அவ்வளவுதான். கம்பெனி கொடுத்த காசு தீர்ந்துபோயிற்று, மிதித்தவன் பெயர் நின்றுவிட்டது.

தலைகீழாகவும் நடக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க அஞ்சல் துறை 2004 வரை ஒரு சைக்கிள் அணியை நடத்தியது. அஞ்சல் துறைக்குச் சைக்கிள் அணி எதற்கு என்று அங்கே ஆடிட் கேட்டதா தெரியவில்லை. நம் ஏ.ஜி. ஆபீஸ் ஆட்களாக இருந்தால் முதல் வருடமே ‘அப்ஜெக்‌ஷன்’ எழுதியிருப்பார்கள். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் அந்த நீலச் சட்டையில் ஜெயித்ததைப் பார்த்து உலகம் முழுவதும் அதை வாங்கிப் போட்டார்கள். புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர் என்பதால் நோயாளிகள்கூட ஆசையாகப் போட்டார்கள். 2012இல் ஊக்க மருந்து விவகாரத்தில் அவருடைய ஏழு பட்டங்களையும் பறித்தார்கள். அரசாங்கமே வழக்கில் சேர்ந்து, 2018இல் 50 லட்சம் டாலர் கொடுத்து அவர் முடித்துக்கொண்டார். ஆனால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கீமோதெரபிக்கு நடுவில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிய ஒருவர் இருந்திருப்பார் அல்லவா? அவர் ஓட்டிய பத்துக் கிலோமீட்டர் பொய்யா? அதைப் பறிக்க எந்தக் கமிட்டிக்கும் அதிகாரம் கிடையாது.

சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் முதுகில் 7 போட்ட மஞ்சள் சட்டையோடு ஆயிரக்கணக்கான பேர் போகிறார்கள். என் பேத்தியும் வைத்திருக்கிறாள். “நீ தோனியா?” என்று யாரும் கேட்பதில்லை. ஏனென்றால் அவள் கேலரியில் உட்கார்ந்திருக்கிறாள், ஆட வரவில்லை. சைக்கிள்காரனிடம் மட்டும் கேட்கிறோம், ஏனென்றால் அவன் உட்காரவில்லை, அதே வேலையைத் தானும் செய்கிறான். செய்யும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. வீரன் பறந்த மேட்டில் இவன் மூச்சு வாங்குகிறான், தொப்பை தெரிகிறது. சிரிப்பு அங்கிருந்துதான் வருகிறது. சும்மா உட்கார்ந்து போட்டால் ரசிகன், முயற்சி செய்து போட்டால் கோமாளி. இது என்ன நியாயம்?

இந்த விளையாட்டில் இன்னொரு விசேஷம், சாலை எல்லாருக்கும் பொது. சேப்பாக்கம் பிட்ச்சில் நீங்களும் நானும் மட்டையோடு இறங்க முடியாது. ஆனால் கிறிஸ்தோஃப் ஃபோர்க் முறிந்து இறங்கிய அந்த தூர்மலே கணவாயில் யார் வேண்டுமானாலும் சைக்கிளில் ஏறலாம். ஆல்ப்ஸில் ஆல்ப் துவேஸ் என்று 21 கொண்டைஊசி வளைவுள்ள மலைச் சாலை இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் அங்கே ஜெயித்தவர்களின் பெயர்ப் பலகை. குமாஸ்தாவும் வாத்தியாரும் பேக்கரிக்காரரும் விடுமுறையில் போய் அதே வளைவுகளில் ஏறுகிறார்கள். 1993 முதல் வருடா வருடம் பந்தயத்தின் ஒரு கட்டத்தைப் பொதுமக்கள் ஓட்டவே ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். வீரர்கள் ஏறும் அதே மலை, அதே ஏற்றம். அந்த மலைக்கு ஏறுகிறவன் யார் என்று தெரியாது. தொழில்காரனுக்கு ஓர் ஏற்றம், கிளார்க்குக்கு ஓர் ஏற்றம் என்று அது வைத்துக்கொள்வதில்லை.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அர்ச்சுனன் தபசு பார்த்திருக்கிறீர்கள். பகலில் கொத்து வேலையோ தையல் வேலையோ செய்கிறவர்தான் ராத்திரி அர்ச்சுனன் வேடம் கட்டுகிறார். கிரீடம், புஜகீர்த்தி எல்லாம் கோயிலுடையதோ ஜமாவுடையதோ, இரவல்தான். வேடம் கட்டிக்கொண்டு, வானத்தை முட்டுகிற தபசு மரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். கீழே பிள்ளை வரம் வேண்டி நிற்கும் பெண்கள் அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்கு மடியேந்திக் காத்திருப்பார்கள். “நீ தையல்காரன்தானே, அர்ச்சுனன் கிரீடம் உனக்கெதற்கு?” என்று அங்கே யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை. கிரீடம் இரவல் என்றாலும் மரம் நிஜம். கால் தவறினால் விழப்போவது அர்ச்சுனன் இல்லை, தையல்காரர். அதனால்தான் ஊர் வாய் மூடிப் பார்க்கிறது. நாற்பத்தைந்து வயதில் மலைமேல் சைக்கிள் மிதிப்பவன் போட்டிருப்பதும் அந்தக் கிரீடம்தான்.

‘அமெச்சூர்’ என்ற சொல்லை நாம் எப்படியெல்லாமோ பயன்படுத்துகிறோம். கற்றுக்குட்டி, அரைகுறை என்கிற மாதிரி. அது பிரெஞ்சுச் சொல். நேசிப்பது என்ற வினையின் மூலத்திலிருந்து வந்தது. ஒன்றைப் பிரியத்துக்காகச் செய்கிறவர் என்பதே அதன் பொருள். எங்கள் ஆசிரியர் நல்ல காபி குடிக்கிறவரையும் அமெச்சூர் என்றே சொல்வார்.

சட்டையின் வசதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதுகுப் பக்கம் மூன்று பை இருக்கும். வாழைப்பழம், போன், பஞ்சர் சாமான் வைக்கலாம். குனிந்து ஓட்டும்போது மேல் பையில் வைத்தால் எல்லாம் கொட்டிவிடும் என்பதால் அந்த ஏற்பாடு. வேர்வை சீக்கிரம் காயும், பளிச்சென்ற நிறம் லாரிக்காரர் கண்ணில் படும். ஆனால் இதெல்லாம் எழுத்தில்லாத சட்டையிலும் உண்டு. “வசதிக்காகப் போட்டேன்” என்று சொல்கிறவர் கூச்சப்படுகிறார் என்று அர்த்தம். ஆசைக்காகப் போட்டேன் என்று சொன்னால் போதும்.

இனி, தொடக் கூடாத இரண்டு சட்டைகள். ஒன்று அந்த மஞ்சள். இன்னொன்று உலகச் சாம்பியன் அணியும் வெள்ளைச் சட்டை, நெஞ்சில் ஐந்து வண்ணக் கோடு போட்டது. சாம்பியன்கூட அதை ஒரு வருடம்தான் போடலாம். அப்புறம் கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கழுத்துப் பட்டையிலும் கை விளிம்பிலும் மட்டும் அந்தக் கோடுகளை ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்றவர் ‘ரிட்டயர்டு’ என்று அடைப்புக்குறியில் போட்டுக்கொண்டு பழைய பதவியை எழுதிக்கொள்கிற மாதிரி. மேற்கத்திய சைக்கிள்காரர்களிடையே இந்த இரண்டையும் மற்றவர்கள் போடுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் உண்டு. நானும் அந்தக் கட்சி. அணிச் சட்டை ஒரு கூட்டத்தின் பெயர், அதில் யாரும் பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொள்ளலாம். மஞ்சள் ஒருவருடைய கணக்கு.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் ரேமோன் புலிதோர். எங்கள் வகுப்பின் நாயகன் அவர்தான். ‘புலி’ என்றே கூப்பிடுவோம். ஆசிரியர் ஆங்க்தீல் கட்சி, வகுப்பு மொத்தமும் புலி கட்சி. விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1962 முதல் 1976 வரை பதினான்கு முறை அந்தப் பந்தயத்தில் ஓட்டினார். மூன்று முறை இரண்டாம் இடம், ஐந்து முறை மூன்றாம் இடம். 1964இல் ஆங்க்தீலிடம் 55 விநாடியில் தோற்றார். சுமார் நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டி, 55 விநாடி! மஞ்சள் சட்டையை ஒரே ஒரு நாள்கூடப் போட்டதில்லை. 1973இல் முதல் நாள் ஓட்டத்தில் அது கைக்கு வந்திருக்க வேண்டும், ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் நழுவியது. முதுமையில் மஞ்சள் சட்டைக்குப் பணம் கொடுக்கும் வங்கியின் விருந்தினராக ஒவ்வொரு ஜூலையிலும் பந்தயத்தோடு சுற்றுவார். வங்கி கொடுத்த மஞ்சள் டீ-ஷர்ட்டில் எல்லாருக்கும் கை கொடுப்பார். சனங்கள் ஜெயித்தவர்களை விட்டுவிட்டு அவரைச் சுற்றி நின்றார்கள். 2019 நவம்பரில் காலமானார்.

அவருடைய மகள் வயிற்றுப் பேரன் மத்தியூ வான் தெர் போல். 2021இல் முதல் முறையாக அந்தப் பந்தயத்துக்கு வந்தான். தாத்தாவின் பழைய மெர்சியே அணியின் ஊதா நிறத்தில், மஞ்சள் பட்டை வைத்துத் தைத்த சட்டையோடு அவனுடைய அணி வந்து நின்றது. தொழில்முறை வீரர்களே, நம் தாம்பரத்துப் பல் டாக்டர் மாதிரி, வேறொருவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் நாள், ஜூன் 27, பிரித்தானிப் பகுதியில் ஒரு மேட்டில் பேரன் முதலாவதாக வந்தான். வானத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினான். மஞ்சள் சட்டை அவனுக்கு வந்தது. பேட்டி கொடுக்க வந்தவன் பேச முடியாமல் அழுதான். யூடியூபில் நானும் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போனேன். ஆறு நாள் அதைப் போட்டிருந்தான். தாத்தாவுக்குக் கிடைக்காத ஒன்றை முன்னூறு ரூபாய்க்குத் திருப்பூர் நகலாக வாங்கி மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகக் கூடாது, அவ்வளவுதான் நான் சொல்வது. குழந்தைகள் போட்டால் பாதகமில்லை.

எதிர்வீட்டுக்காரரிடம் இந்தக் கதைகளை எல்லாம் போன செவ்வாய்க்கிழமை திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். கிறிஸ்தோஃப் கதையில் துருத்திப் பையன் வந்த இடத்தில் மட்டும் பேப்பரை மடித்து வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை அவர் மனைவி அந்தச் சிவப்புச் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். “அண்ணே, வேர்வை நாத்தம் புடுங்குது. இதை மெஷின்ல போடலாமா? உள்ள என்னவோ பிரெஞ்சுல எழுதியிருக்கு” என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணிச்சீட்டைப் படித்து, ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: முப்பது டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, இஸ்திரி போடக் கூடாது, நிழலில் உலர்த்தவும்.